சாண்டோரினி (வழி: சிகினோஸ்)

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

திரவியம் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். என் மனைவி கோமதியின் அக்காள் ஆவுடையைக் கட்டியவர். வயதில் என்னைவிட எட்டு மாதம் இளையவர். ஆனால் மூத்தவளைக் கட்டிவிட்டதால் நாற்பத்திரண்டு வருடமாக நான்தான் அவரை அண்ணாச்சி என்று அழைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்னை ‘சகல’ என்பார், ‘வே’ என்பார். இதைப் பற்றிப் பல வருட நாட்குறிப்புகளில் எழுதியாகிவிட்டது. இனி எழுத மாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு வண்ணத் தாளை விரித்தார். கிரீஸ். மே மாதம், பன்னிரண்டு நாள். ஏதென்ஸ், மைக்கனோஸ், சாண்டோரினி. திருநெல்வேலியிலிருந்து இருபது பேர் போகிறார்கள். சமையல்காரரும் கூடவே வருகிறார், சாம்பார் உண்டு. தாளின் பின்பக்கம் பெயர்ப் பட்டியல். பதினேழாவது ஆள் கோமதி. பதினெட்டாவது ஆள் நான்.

“என்னக் கேக்காமலே எழுதிட்டீகளோ?” என்றேன்.

“கேட்டா நீரு வரமாட்டேன்னு சொல்லுவீரு. அதான் கேக்கல” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள். குறித்துக்கொண்டேன்.

சங்கரன்கோவில் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் விசில் இல்லாமல் ஒரு வண்டி நகர்ந்தது கிடையாது. எனக்கு ஒரு ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி மேனேஜர் பயணம் வகுத்துக் கொடுப்பதா? “கிரீசுக்கு நானே பிளான் போடுதேன், எம் பேர அடிச்சிரும்” என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு, தட்டுகளைக் கழுவிக்கொண்டே கோமதி சொன்னாள். “மார்ச் ஒம்பதாம் தேதி ஞாயித்துக்கெழம அத்தான் விசாவுக்குப் பாஸ்போர்ட் வாங்க வாராக. அதுக்குள்ள உங்க பிளான் எனக்குப் பிடிச்சா உங்ககூட வாரேன். இல்லன்னா அக்காகூடப் போயிருவேன். நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

ஜனவரி 17

ஹால் கடிகாரத்தைத் திருத்தினேன். நான் ஓய்வுபெற்ற நாளில் டிப்போவில் கொடுத்தது. நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. ஒரு டைம் கீப்பருக்கு.

மாலை 4 முதல் 7 வரை வழக்கம்போலப் பேருந்து நிலையம். 5.10 கடையநல்லூர் வண்டி ஏழு நிமிடம் தாமதம். இப்போதிருக்கும் டைம் கீப்பரிடம் சொன்னேன். “நீங்க ரிட்டயர் ஆயி பதினோரு வருசம் ஆச்சு சார்” என்றான். வண்டிக்கு அது தெரியுமா?

ஜனவரி 22

தீவுகளின் வரைபடம் வாங்கி ஹால் சுவரில் ஒட்டினேன். யார் கையிலிருந்தோ கடலைப்பருப்பு சிந்தியதுபோல இருக்கிறது. இவற்றுக்கு இடையே படகுகள் பேருந்துபோல ஓடுகின்றன. ஒரு படகில் இறங்கி அடுத்த படகில் ஏற வேண்டும். இது என் வேலை. திரவியம் அண்ணாச்சி பி.காம். நான் ஒன்பதாம் வகுப்பு. ஆனால் கொல்லம் வண்டிகளின் பலகையைப் பார்த்தே மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டவன். கிரேக்க எழுத்து இருபத்துநான்குதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.

மைக்கனோஸை நீக்கிவிட்டேன். அங்கே அண்ணாச்சியின் ஆட்கள் இருபது பேர் சாம்பாரோடு நிற்பார்கள். சாண்டோரினியையும் நீக்கியிருந்தேன். கோமதி வந்து பார்த்தாள்.

“சாண்டோரினி எங்க?”

“கூட்டம். ஒரே போட்டோ பிடிக்கிற ஆளுக.”

“கிரீசுக்குப் போயிட்டு அது பாக்கலன்னா அக்கா என்னய விடுவாளா?”

சேர்த்தேன். ஆனால் கடைசி ஊராக. நடுவில் செரிஃபோஸ், சிஃப்னோஸ், சிகினோஸ். மூன்றும் யாரும் பேசாத சின்னத் தீவுகள். அண்ணாச்சியின் குழு சாண்டோரினிக்கு வருவது வெள்ளிக்கிழமை என்று அந்தத் தாளில் இருக்கிறது. நாங்கள் திங்கட்கிழமையே போய்விடுவோம். அவர் படகைவிட்டு இறங்கும்போது நான் துறையில் நின்று “வாங்க அண்ணாச்சி” என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 29

மகள் செண்பகம் ஓசூரிலிருந்து பேசினாள். படகு அட்டவணையைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்; என் பிளானை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாளாம்.

“அப்பா, ஏதென்ஸ்ல இருந்து நேரா சாண்டோரினிக்கு ஒரே படகு இருக்கு. நீங்க ஏன் வெட்டி வெட்டிப் போட்டிருக்கீங்க? எதுவுமே மூணு மணி நேரத்துக்கு மேல இல்லியே?”

வழியில் ஊர் இல்லாத வண்டி வண்டியே அல்ல என்று விளக்கினேன்.

“அம்மாகிட்ட போனக் குடுங்க” என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

பேருந்தில் திருநெல்வேலி போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஜன்னலோரம். தேவர்குளம் வரை சரி. மானூரில் இறங்கி நின்றுவிட்டு அடுத்த வண்டியில் போனேன்.

பிப்ரவரி 5

திருநெல்வேலி. மானூரில் இறங்கவில்லை. ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினேன்.

பிப்ரவரி 7

திருநெல்வேலி வரை. ஓட்டுநர் என்னைத் தெரிந்தவர். “டைம் கீப்பர் சார் பஸ்ல ஏறி இப்பத்தான் பாக்கேன்” என்று வண்டிக்கே கேட்கும்படி சொன்னார். புறப்படச் செய்கிறவன் ஏற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

பிப்ரவரி 11

கோமதி கேட்டாள்: “திங்கக்கெழம சிஃப்னோஸ்ல ஏழு நாப்பதுக்குப் படகுன்னு போட்டிருக்கீக. ஏழரை ஒம்பது ராகுகாலம்லா?”

நான் ராகுகாலம் பார்க்கிறவன் இல்லை. ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னால் சும்மா இருக்க முடியாது. ராகுகாலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பங்கிடுவது. திங்களுக்கு இரண்டாம் பங்கு. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம், ஆகவே ஏழரை. மே மாதம் அங்கே சூரியன் ஆறேகாலுக்கு உதித்து எட்டரைக்குத்தான் மறைகிறது. ஒரு பங்கு ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். எனவே அங்கே திங்கட்கிழமை ராகுகாலம் தொடங்குவது 8.02. எங்கள் படகு 7.40. தாராளம்.

கோமதி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “ராகு நம்மகூட இங்கருந்து வருவாரா, இல்ல அங்க வேற ஆளா?”

“எந்த ஊர்ல நிக்கமோ அந்த ஊர்ச் சூரியன்தான் கணக்கு.”

“கோயில்ல கேட்டுட்டு வாரேன்.”

கேட்டுவிட்டு வந்தாள். குருக்களும் அதையே சொன்னாராம். “கணக்கு சரியா இருக்கு, யார் போட்டதுன்னு கேட்டாரு” என்றாள்.

பன்னிரண்டு நாளுக்கும் போட்டுக் கொடுத்தேன். யமகண்டம் உட்பட. நம்பிக்கை இல்லாமல்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அட்டவணை முடிந்தது. பதினோரு பக்கம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.

5.40 எழுந்திருத்தல். 5.55 காபி. 6.20 படகுத்துறை. 6.20 முதல் 7.30 வரை காத்திருத்தல். 7.40 புறப்பாடு.

இப்படிப் பன்னிரண்டு நாளும். உச்சம் சிகினோஸ்தான். காலை 10.25க்கு இறங்கி, மதியம் 1.15க்கு அடுத்த படகில் ஏறி, மாலை சாண்டோரினி. ஒரு நிமிடம் வீணில்லை.

கோமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு பக்கத்தையும் வாசித்தாள்.

“எல்லாப் பக்கத்துலயும் காத்திருத்தல் காத்திருத்தல்னு போட்டிருக்கீக. அது எனக்குப் பழக்கந்தான். சும்மா உக்காருததுக்கு எங்க நேரம்?”

“படகுல உக்காந்துதானட்டி போவோம்?”

“அது பிரயாணம். நான் கேக்கது சும்மா. நீங்களும் நானும்.”

எதற்காக என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போனவள் அங்கிருந்தே சொன்னாள்: “கல்யாணமான அஞ்சாம் நாள் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனீக. அருவியில தல நனையல, டிப்போவுல ஆள் வரலன்னு திரும்புனோம். ஆடித்தபசுக்கு ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஸ்பெஷல் பஸ் விட்டீக. கோயில் நம்ம தெருவுல இருந்து நாலு தெரு. ஒரு வருசமாவது என்கூட வந்தீகளா?”

ஸ்பெஷல் பஸ் நாளில் டைம் கீப்பர் லீவு எடுக்க முடியுமா? எண்பது வண்டி கூடுதல். இதுகூட விளங்கவில்லை அவளுக்கு. முப்பத்தொரு வருடம் ஒரு தாமத மெமோ வாங்காதவன் நான்.

‘சும்மா’ என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. மாலை பேருந்து நிலையம் போகவில்லை. மழை. பிறகு மழை நின்றது. போனேன்.

பிப்ரவரி 20

கன்னியாகுமரி. கோமதியிடம் ஒரு வேலை என்று சொன்னேன். பையில் முகர்ந்து பார்க்க இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது. நான் வைக்கவில்லை.

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனேன். பாறையில் இறங்கியதும் கரைக்குத் திரும்ப வேறு வழி உண்டா என்று அங்கிருந்த ஊழியரிடம் விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீச்சல் தெரியுமா?” என்றார்.

மொத்தம் மூன்று முறை போய் வந்தேன். மூன்றாவது முறை கண்ணைத் திறந்திருந்தேன்.

“போன வேல முடிஞ்சிதா?” என்றாள் கோமதி.

“முக்கால்வாசி.”

ரசம் மட்டும் வைத்திருந்தாள். எனக்கு இன்று ரசம் மட்டும் போதும் என்று யார் சொன்னது?

பிப்ரவரி 24

சிகினோஸில் படகு மாறும் நேரத்தில் கோமதி முகம் கழுவ ஓர் இடம் வேண்டும். காலியோப்பி என்ற அம்மாள் அங்கே நான்கு அறை வாடகைக்கு விடுகிறார். இரண்டு மணி நேரம் அறை கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். ‘மேன்மை தங்கிய அம்மையீர்’ என்று தொடங்கி, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தேன். தலைப்பை மட்டும் கிரேக்கத்தில் எழுதினேன்.

பதில் வந்தது: “எங்கள் தீவுக்கு வந்து இரண்டு மணி நேரமா? எதைப் பார்க்க?”

“படகு மாற” என்று எழுதினேன்.

பிப்ரவரி 26

பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் போல. உண்மையைச் சொன்னால் எல்லா ஊரிலும் இப்படித்தான்.

மார்ச் 2, ஞாயிறு

காலியோப்பி அம்மாள் எழுதிவிட்டார். அப்படியே மொழிபெயர்க்கிறேன்.

“ஐயா, உங்கள் 1.15 படகு ஆகஸ்டு மாதப் படகு. நீங்கள் வருவது மே. மே மாதத்தில் திங்கட்கிழமை ஒரு படகு வரும், அவ்வளவுதான். அடுத்தது வியாழன் காலை 9.20. அதை விட்டால் ஞாயிறு. காற்று அடித்தால் அதுவும் இல்லை.”

உடனே செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் கொடுத்த அட்டவணை போன ஆகஸ்டுடையதாம். “மாசத்துக்கு மாசம் மாறும்னு எனக்குத் தெரியாதுப்பா. நீங்களாவது கேட்டிருக்கலாம்லா?” என்றாள்.

நான் ஏன் கேட்பேன்? எங்கள் டிப்போ அட்டவணை பதினெட்டு வருடம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அச்சிட்ட நேரம் என்றால் ஓடுகிற வண்டி என்றுதான் நான் அறிவேன். சீசனுக்கு ஓர் அட்டவணை, காற்றுக்கு ஓர் அட்டவணை என்று எங்காவது உண்டா?

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாள் அந்தத் தீவில் மாட்டிக்கொள்வோம். டிப்போவில் ஒரு வண்டி படுத்தால் ஸ்பேர் பஸ் விடலாம். கடலில் எதை விடுவது?

காலியோப்பி அம்மாளுக்கு எழுதினேன்: “காற்றில்லாத கடல் உண்டா?”

உடனே பதில்: “இல்லை. அதனால்தான் நாங்கள் நாற்காலி வைத்திருக்கிறோம்.”

மார்ச் 3

ஆறு திருத்தம் போட்டேன். ஆறும் நிற்கவில்லை. சிகினோஸை நீக்கினால் கடைசிப் படகு ஐந்து மணி நேரம்.

மார்ச் 4

ஐந்து மணி நேரம். மதுரை போய்த் திரும்பும் நேரம். போய்ப் பார்க்கலாம் என்று பேருந்தில் ஏறினேன். ராஜபாளையத்திலேயே இறங்கிவிட்டேன்.

மார்ச் 6

கோமதி பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். செண்பகம் கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி. யாரோடு போவதற்கு என்று கேட்கவில்லை. அட்டவணையை மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

வீட்டில் பால் காய்ச்சுவது, மோட்டார் போடுவது, கேஸ் வந்தால் என்ன செய்வது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்காகத்தான் இருக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் கையெழுத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மார்ச் 8

பேருந்து நிலையம் போகவில்லை. மழை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

திரவியம் அண்ணாச்சி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்து இருபத்தைந்துக்கு வந்தார். ஆவுடை மதினியும் வந்தாள். கோமதி உளுந்தவடை போட்டிருந்தாள்.

அண்ணாச்சி வடையைக் கடித்துக்கொண்டே, “என்ன சகல, உம்ம பிளான் என்னாச்சு? ஊரெல்லாம் சொன்னீரே!” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அட்டவணையில் பொய் எழுதிப் பழக்கமில்லை. டிராயரிலிருந்து எடுத்து வைத்தேன்.

“நிக்கல அண்ணாச்சி. சிகினோஸ்ல மூணு நாள் படகு கெடயாது. மாட்டிக்கிடும்.”

“மூணு நாளா!” அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வடைத்துணுக்கு அட்டவணைமேல் விழுந்தது. “அங்க என்ன வே இருக்கு?”

“ஒரு மலை. மேல ஒரு ஊரு. கீழ துறை.”

“கடை கிடை?”

“ரெண்டு.”

“பாக்கதுக்கு?”

“கடல்.”

“அத இங்க திருச்செந்தூர்ல பாத்தாப் போச்சே! ஏ கோமதி, நல்லவேள, ஒம் பேர நான் அடிக்கல. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா.”

கோமதி வரவில்லை. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“மூணு நாளும் படகே கெடயாதா?”

“கெடயாது.”

“பஸ்ஸு?”

“துறையில இருந்து மேல ஊருக்கு ஒரு பஸ் இருக்கு. அதுக்கும் நேரம் காலம் கெடயாதாம். ஆள் வந்தா எடுப்பாராம்.” இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

“அப்ப நீங்க நெனச்சாலும் எங்கயும் போக முடியாது?”

“எங்க போக? போக எடமே கெடயாதே.”

“டிப்போவுல இருந்து கூப்புட்டா?”

“கூப்புட்டா என்ன? கடல்ல நடந்தா வர முடியும்?”

“சாயங்காலம் நாலு மணிக்கு?”

எனக்குப் புரியவில்லை. “நாலு மணிக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல” என்றாள். கரண்டியை மதினி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். கோமதி வந்து, அந்தக் கையைத் தாண்டி, பாஸ்போர்ட்டை என் அட்டவணைமேல் வைத்தாள். வடைத்துணுக்கை விரலால் தட்டிவிட்டுத்தான் வைத்தாள்.

“அத்தான், பதினேழாவது பேர அடிச்சிருங்க.”

“ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?” என்றாள் ஆவுடை மதினி. “சாம்பாரு கூடக் கெடைக்காதுட்டி!”

“அறுவது வருசமா சாம்பார்தானக்கா சாப்பிடுதேன்.”

அண்ணாச்சி பேனாவை எடுத்துப் பதினேழை அடித்தார். பதினெட்டு ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. ஜனவரியிலேயே அடித்துவிட்டாராம். என் பேச்சை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினேன். திங்கள் 10.25 சிகினோஸ். செவ்வாய், புதன் காலி. வியாழன் 9.20 புறப்பாடு, மதியம் சாண்டோரினி. அண்ணாச்சி வருவது வெள்ளி. ஆகவே அப்போதும் ஒரு நாள் முன்னால் நிற்கிறேன். கோமதியிடம் காட்டினேன்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். “வியாழக்கெழமைய விட்டா அடுத்த படகு எப்பன்னு சொன்னீக?”

“ஞாயிறு. ஆனா அத ஏன் விடணும்? நாமதான் துறையில நிப்போமே.”

“அக்கா சாண்டோரினியில செவ்வா வரைக்கும் இருப்பாள்லா?”

“இருப்பா.”

“அப்ப ஞாயித்துக்கெழம போனாலும் அவளப் பாத்துரலாம்.”

“பாக்கலாம். ஆனா அண்ணாச்சி நமக்கு முன்னால போயிருவாரு. துறையில நின்னு நம்மள ‘வாரும் வே’ம்பாரு.”

“சொல்லட்டுமே. பாவம், அவருக்கும் ஒரு ஆச இருக்கும்லா?”

நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வண்டியைத் தவறவிடச் சொன்னதில்லை. நானும் ஒரு வண்டியைத் தவறவிட்டதில்லை. தெரிந்தே ஒரு படகைத் தவறவிடுவதை அட்டவணையில் எப்படிக் காட்டுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரத்து என்று எழுத முடியாது, படகு ஓடும். தாமதம் என்றும் எழுத முடியாது, அது நேரத்துக்கு வரும். வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். கோமதி எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தாள். நாலு மணி தாண்டிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

கடைசியில் இப்படி எழுதினேன்:

வியாழன், காலை 9.20. படகு புறப்படும். நாங்கள் ஏறமாட்டோம்.